கர்ண மோட்சத்தில் கர்ணன் யாரோடு சண்டை போடுகிறான்?

கேள்வியின் சுருக்கம் இது: திரௌபதி அம்மன் திருவிழாவில் முதல்முறையாகக் கர்ண மோட்சம் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்தேன். அர்ச்சுனனோடு நடக்கும் போரைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இரவின் பெரும்பகுதி கர்ணன் தன் மனைவி பொன்னுருவியோடு வாக்குவாதம் செய்வதிலேயே போய்விட்டது. பிறகு தாய் வந்து அழுகிறாள். இது போர்க் கதையா, குடும்பச் சண்டையா? கர்ணனுக்கு உண்மையில் யாரோடு பகை?

குடும்பச் சண்டைதான். அதில் சந்தேகமே வேண்டாம். அர்ச்சுனனோடு கர்ணனுக்கு இருப்பது வில்லாளிகளுக்குள் இருக்கும் போட்டி. அவனை உள்ளே குடைந்துகொண்டிருப்பதெல்லாம் வேண்டியவர்கள் கொடுத்த காயம்: பெற்றவள், கட்டியவள், சோறு போட்ட நண்பன், தன்னைத் தெரியாமலே ஏசும் தம்பிகள். இவர்களில் பெரும்பாலோர் அவனிடம் வரும்போது எதையாவது கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அவனும் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ஊர் வள்ளல் என்கிறது. ஆனால் ஒரு வீட்டில் மகன் என்பவன் கேட்கிறவன். பசிக்கிறது என்பான், பணம் வேண்டும் என்பான், கிடைக்காவிட்டால் முறுக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்வான். கர்ணனுக்கு அந்தப் பழக்கமே வாய்க்கவில்லை. கேட்கத் தெரியாத மகனின் கதையாகத்தான் நான் இந்தக் கூத்தை இத்தனை வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அப்படிப் பார்த்தால் பொன்னுருவி காட்சி ஏன் அவ்வளவு நீளம் என்பதும் விளங்கும்.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை என்று வரிசையாகப் போய், பதினெட்டாம் போருக்கு முன்னால் கர்ண மோட்சம் வரும். கடைசியில் மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன் உருவத்தின்மேல் அவன் விழுவதை நடத்திக்காட்டும் படுகளம், அப்புறம் தீமிதி. கர்ண மோட்சத்துக்கு மட்டும் இன்னொரு களமும் உண்டு. இறந்தவருக்கான கரும காரியத்தை ஒட்டிய இரவில், செலவு செய்ய முடிந்த குடும்பங்கள் இந்தக் கூத்தை வைக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. போனவருக்கு நல்ல கதி கிடைக்கும் என்பது நம்பிக்கை. அச்சில் கிடைக்கும் பிரதி புகழேந்திப் புலவர் பெயரைத் தாங்கியிருக்கும். பெரிய எழுத்துப் புத்தகங்கள் எனப்படும் மலிவுக் கதைப் பதிப்புகளில் எத்தனையோ அந்தப் பெயரில்தான் வந்திருக்கின்றன என்பதால் அதை அதிகம் நம்ப வேண்டியதில்லை. எந்தத் தருவை (பாட்டை) நீட்டுவது, எந்தத் தர்க்கத்தை (வாக்குவாதத்தை) வெட்டுவது என்பதெல்லாம் குழுவை நடத்தும் வாத்தியாரின் முடிவு. குழுவுக்குக் குழு மாறும். ஆகவே நான் சொல்வதும் நீங்கள் பார்த்ததும் வரிக்கு வரி ஒத்துப்போகாது.

இனி பொன்னுருவி. வியாசருக்கு இந்தப் பெயர் தெரியாது. வளர்த்த தகப்பன் அதிரதன் தன் குலத்திலேயே பெண் பார்த்துக் கட்டிவைத்தான் என்று கர்ணன் கிருஷ்ணனிடம் சொல்வதோடு அங்கே மனைவி விஷயம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தமிழ் நாட்டுப்புற மரபுதான் அவனுக்கு ஓர் அரசகுமாரியைக் கட்டிவைத்தது. கட்டிவைத்ததோடு நிற்காமல், அவளுக்கு அவனைப் பிடிக்காமலும் செய்தது. தேரோட்டி வீட்டுப் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோம் என்ற குமைச்சல் அவளுக்கு. அங்க தேசத்து ராஜா, உலகம் புகழும் கொடையாளி, துரியோதனனின் வலது கை என்பதெல்லாம் அவளிடம் செல்லுபடியாகவில்லை. குலம் என்ன, கோத்திரம் என்ன, பெற்றவர்கள் யார் என்று அவள் கேட்கிறாள். இளவரசர்களின் ஆயுதப் பயிற்சி அரங்கேற்றத்தில் அவனை நோக்கி அன்றைக்கு எழுந்த அதே கேள்வி. வெளியே கேட்டவர்களுக்கு வில்லை எடுத்துப் பதில் சொல்லிவிடலாம். படுக்கையறையில் கேட்டால் என்ன செய்வது?

போரின் 17-ஆம் நாள் காலை. சேனாதிபதியாகக் களத்துக்குப் போகும் முன் மனைவியிடம் விடை பெற்றுக்கொள்ள வருகிறான். நீங்களும் கவனித்திருப்பீர்கள்: யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதவன், இங்கே கேட்கிற இடத்தில் நிற்கிறான். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. போய்வா என்ற ஒரு சொல். அது கிடைக்க மாட்டேன் என்கிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இருவருக்கும் நடுவே ஓடி ஓடித் தூது சொல்லிக் கேலி செய்கிறான். அவன் செய்கிற கேலிக்குச் சனங்கள் சிரிக்கிறார்கள், ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு சங்கடமும் கலந்திருக்கும்; தெரிந்தவர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கும்போது திண்ணையில் மாட்டிக்கொண்ட விருந்தாளியின் சங்கடம்.

கண்ணுக்குத் தெரியும் விஷயமும் ஒன்று உண்டு. கர்ணன் கட்டை வேஷம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டி முடித்தால் எலும்பும் தோலுமான ஆள்கூட ஒன்றரை ஆள் அகலத்துக்கு வந்துவிடுவார். பொன்னுருவியோ ஸ்திரீ வேஷம். புடவை, சவுரி, கொஞ்சம் நகை. இந்த அகலமான உருவம் அந்த மெல்லிய உருவத்தின் முன்னால் வாதாடித் தோற்றுக்கொண்டே இருக்கிறது. நான் பார்த்த ஒரு கர்ணன், பொன்னுருவி ஏசத் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். குனிந்து, காலில் அவிழ்ந்திருந்த சலங்கைக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். சலங்கை உண்மையிலேயே அவிழ்ந்ததா, வேண்டுமென்றே செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் ஏசி முடிக்கும்வரை அந்த முடிச்சு விழவில்லை. வீட்டில் பேச்சு வாங்கும் ஆண்பிள்ளை கையில் கிடைத்த ஏதாவது வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேதான்.

இந்தச் சண்டையை இழுத்துச் செல்லும் விசை எங்கே இருக்கிறது தெரியுமா? அவள் வாயை அடைக்கக்கூடிய பதில் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. போர் தொடங்கும் முன்பே கிருஷ்ணனும் குந்தியும் அவன் பிறப்பைச் சொல்லிவிட்டார்கள். நான் சூரியனுக்கும் குந்திக்கும் பிறந்தவன், பாண்டவர்களுக்கு மூத்தவன் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த ஒரு வரியை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு அவ்வளவு ஏச்சையும் வாங்குகிறான். சபையில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் அது தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. அதனால்தான் வாத்தியார்கள் இந்தக் காட்சியைத் தைரியமாக நீட்டுகிறார்கள். எவ்வளவு நீட்டினாலும் தாங்கும். அர்ச்சுனனோடு போர் என்பதை அரை மணி நேரம் களரியைச் சுற்றி ஓடியாடி முடித்துவிடலாம். இதை அப்படி முடிக்க முடியாது.

பொன்னுருவியை அடங்காப்பிடாரியாக மட்டும் ஆடுகிற குழுக்களும் இருக்கின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை இவன் அவளிடம் மறைத்திருக்கிறான். உண்மை தெரிந்ததும் அவள் ஒரேயடியாக மாறிப்போகிறாள், அழுகிறாள், போக வேண்டாம் என்கிறாள். குலம் உயர்ந்ததும் அன்பு வந்துவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். ஆனால் அவள் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். வாழ்ந்த காலமெல்லாம் வாழாமல் விட்டு, கணவன் கிடைத்த அன்றைக்கே அவன் சாகப் போகிறான். அந்த அழுகையின்போது பந்தலில் பெண்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

தாய் விஷயத்தில் வியாசருக்கும் தமிழுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். வியாச பாரதத்தின் உத்தியோக பர்வத்தில் குந்தி கங்கைக் கரைக்குப் போகிறாள். கர்ணன் கைகளை உயர்த்திக் கிழக்கு நோக்கி ஜபம் செய்துகொண்டிருக்கிறான். அவன் முடிக்கும்வரை இவள் வெயில் தாங்காமல் அவனுடைய மேலாடையின் நிழலில் நிற்கிறாள், வாடிய தாமரை மாலைபோல. முதுகு சுடும்வரை ஜபித்துவிட்டு அவன் திரும்பிப் பார்க்கிறான். பிள்ளைக்கு நிழல் கொடுக்க வேண்டியவள் பிள்ளையின் நிழலில் நிற்கிறாள் என்று வியாசர் எங்கும் சொல்வதில்லை. நிற்கவைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

அதன்பிறகு கர்ணன் பேசுவது மென்மையாக இல்லை. தாய் செய்ய வேண்டியது எதையும் நீ எனக்குச் செய்யவில்லை, இப்போது உன் நன்மைக்காக வந்து அறிவுரை சொல்கிறாய் என்கிறான். சொல்லிவிட்டு, கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் இல்லாததால் ஒன்று கொடுக்கிறான்: அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன், அவனோ நானோ, உனக்கு எப்படியும் ஐந்து பிள்ளைகள் இருப்பார்கள். கணக்குப் பார்த்துக் கொடுத்த வரம். தாயைக் குத்துவதற்கும் தாய்க்குக் கொடுப்பதற்கும் ஒரே வாக்கியம் போதுமானதாக இருக்கிறது.

ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் இந்த இடத்தைக் குடும்ப வழக்காக இன்னும் இறுக்கிவிட்டார். கண்ணன் சொல்லி அனுப்பித்தான் குந்தி வருகிறாள். அவள் கேட்பது இரண்டு: அர்ச்சுனன்மேல் நாகக் கணையை இரண்டாம் முறை தொடுக்கக் கூடாது, மற்ற நால்வரையும் கொல்லக் கூடாது. முதல் வரம் வியாசரிடம் இல்லை. அங்கேயும் கர்ணன் அந்தப் பாம்புக் கணையை மறுபடி விடுவதில்லை, ஆனால் காரணம் வேறு; ஒரே அம்பை இரண்டு தடவை விடுவதில்லை என்ற வீரனின் கர்வம். தமிழில் அதே கை, அதே மறுப்பு, காரணம் மட்டும் தாய்க்குக் கொடுத்த வாக்கு. எங்கெல்லாம் வில்லாளி நின்றானோ அங்கெல்லாம் தமிழ் ஒரு மகனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

பதிலுக்கு அவன் ஒன்று கேட்கிறான். நான் களத்தில் விழுந்ததும் நீ வந்து என்னை மடியில் எடுத்து, பால் கொடுத்து, என் மகன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ராஜ்யம் வேண்டாம், மூத்தவன் என்ற மரியாதை வேண்டாம். உயிரோடு இருக்கும்போதுகூட வேண்டாம். செத்தபிறகு ஒரு தடவை.

இந்தப் பால் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. வியாசரிடம் பால் வருகிற இடம் வேறு. நீ குந்தியின் பிள்ளை, வா, பட்டம் கட்டுகிறோம் என்று கிருஷ்ணன் ஆசை காட்டும்போது கர்ணன் சொல்லும் பதிலில் அது வருகிறது. ஆற்றில் வந்த என்னைப் பார்த்ததும் வளர்த்த தாய் ராதைக்கு அன்பினால் பால் சுரந்தது. என் மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளியவள் அவள். அதிரதன் எனக்கு மகனுக்குரிய சடங்கெல்லாம் செய்தான். அவர்களுக்குப் பிண்டம் போடுவதை நான் எப்படி விடுவேன் என்கிறான். ஆக வியாசரின் கர்ணன் பால் குடித்து வளர்ந்தவன். தமிழ்க் கர்ணன் பாலுக்கு ஏங்கிச் சாகிறவன். இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், மேடைக்கு இரண்டாவது, மனசுக்கு முதலாவது.

அதிரதன் வரும் காட்சி ஒன்றும் ஆதி பர்வத்தில் இருக்கிறது. ஆயுதப் பயிற்சி அரங்கேற்றம். துரியோதனன் அப்போதுதான் கர்ணனுக்கு அங்க தேசத்தைக் கொடுத்து அபிஷேகம் செய்து வைத்திருக்கிறான். கோலை ஊன்றித் தள்ளாடிக்கொண்டு அதிரதன் அரங்குக்குள் வருகிறான். பார்த்ததும் கர்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, அபிஷேகத் தண்ணீர் இன்னும் காயாத தலையோடு அவன் காலில் வணங்குகிறான். பீமன் சிரிக்கிறான், சாட்டையை எடு என்கிறான். ராஜாவான முதல் நிமிடத்திலேயே தகப்பனை மறைக்க ஒரு வாய்ப்பு வந்தது, மறைக்கவில்லை. பெற்றவளும் அதே அரங்கில்தான் இருந்தாள், மயங்கி விழுந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

துரியோதனனைப் பற்றி எல்லாரும் சொல்வது எடுக்கவோ கோக்கவோ கதை. கர்ணனும் துரியோதனன் மனைவியும் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் எழுந்தபோது இவன் பிடித்ததில் மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. உள்ளே வந்த துரியோதனன், பொறுக்கிக் கொடுக்கட்டுமா, கோத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறான். நட்புக்கு உதாரணமாகப் பட்டிமன்றங்களில் தேய்ந்துபோன கதை. அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வில்லி பாரதத்தில் கர்ணன் இதைக் குந்தியிடம் சொல்கிறான். வா வீட்டுக்கு என்று தாய் அழைக்கும்போது அவன் கொடுக்கும் பதில் இது. தன் வீட்டின் உள்ளறைவரை ஒருவனை விட்டு, அவன்மேல் துளியும் ஐயம் கொள்ளாமல் இருந்தவன் துரியோதனன். அந்த உரிமையைக் கொடுத்திருக்க வேண்டிய வீடு ஆற்றில் விட்டது. இதைத்தான் அவன் சொல்லாமல் சொல்கிறான். சொல்லி முடித்து, செஞ்சோற்றுக் கடன் தீர்ப்பதே எனக்கு இனிப் புகழும் கருமமும் தருமமும் என்கிறான்.

கடன் என்ற சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல். துரியோதனனின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. வளர்த்தவர்களை விட்டால், இந்தக் கதையில் கேட்காமலே முதலில் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் கர்ணன் அதைக் கடன் கணக்கில் எழுதிக்கொண்டான். பாசத்தைப் பாசமாக வாங்கிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. யாராவது கொடுத்தால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பெற்ற பிள்ளை எவனும் தின்ற சோற்றுக்குக் கணக்கு வைப்பதில்லை. தன்னைத் தம்பிகளிடம் சொல்லவேண்டாம் என்று அவன் கிருஷ்ணனைக் கேட்டுக்கொள்ளும் காரணமும் இதுதான்: தர்மனுக்குத் தெரிந்தால் ராஜ்யத்தை என்னிடம் கொடுத்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன். கையில் எதுவும் தங்காத மனிதன்.

இதை வைத்து அவனைத் தியாகச் சிலையாக நிறுத்திவிடாதீர்கள். சூதாட்ட மண்டபத்தில் திரௌபதியைத் தகாத சொல்லால் ஏசியவன், துகிலை உரி என்று தூண்டியவன் இதே கர்ணன்தான். அதே பந்தலில், அதே சனங்கள், சில இரவுகளுக்கு முன்பு துகிலுரிதலைப் பார்த்துவிட்டுத்தான் இன்று அவனுக்காக அழுகிறார்கள். பிறப்பு தெரிந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை. 13-ஆம் நாள் அபிமன்யுவைச் சூழ்ந்துகொண்டவர்களில் அவனும் ஒருவன். 14-ஆம் நாள் இரவில் கடோத்கசனைக் கொன்றது இந்திரன் கொடுத்த வேலால். இருவருமே தம்பி பிள்ளைகள். அது அவனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவன் மகன் விருஷசேனனை அர்ச்சுனன் கொன்றதும் 17-ஆம் நாள்தான். பெரியப்பனும் சித்தப்பனும் மாறி மாறிப் பிள்ளைகளைக் கொன்றுகொள்ளும் வீட்டில் யாருக்காக அழுவது என்ற கேள்வியை கூத்து கேட்பதில்லை. அன்றைக்கு யாருடைய இரவோ அவனுக்காக அழுகிறது. எனக்கு இது குறையாகப் படவில்லை. இழவு வீட்டில் நாமும் அப்படித்தான் செய்கிறோம்.

தர்மனைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சாந்தி பர்வத்தின் தொடக்கத்தில் அவன் சொல்கிறான்: சூதாட்ட மண்டபத்தில் கர்ணன் பேசிய பேச்சுக்கு எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் பாதங்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது, அவை குந்தியின் பாதங்கள்போலவே இருந்தன, ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் உடம்பு தன் பாட்டுக்கு ஒரு சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, எவரும் படிக்கவில்லை. இதை மேடையில் ஆடிப் பார்க்க எனக்கு ஆசை. கட்டை வேஷத்தில் பாதம் ஒன்றுதான் வெறுமையாக இருக்கும், அதிலும் சலங்கை.

கடைசிக் காட்சியில், செய்த தர்மம் காத்து நிற்பதால் உயிர் போகாமல் கிடக்கிறான். கண்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியம் முழுவதையும் தானம் கேட்கிறான். இது வியாசரிடம் கிடையாது. தமிழின் சொந்தச் சரக்கு. நான் எல்லாம் வைத்திருந்த காலத்தில் நீ வரவில்லையே, பாவி நான் என்று வருந்திக்கொண்டு, இரத்தத்தையே நீராக வார்த்துக் கொடுத்துவிடுகிறான். கண்ணன் மனம் உருகி, வேண்டியதைக் கேள் என்கிறான். கடவுளே கேள் என்கிறபோதுகூட என்ன கேட்கிறான் பாருங்கள்: இனிப் பிறவி உண்டானால், இல்லை என்று இரப்போர்க்கு இல்லை என்று உரையா இதயம் கொடு. மறுபடியும் கொடுக்கிற வரிசையிலேயே போய் நின்றுகொள்கிறான். ஒரு நல்ல வீட்டில் பிறக்கவேண்டும் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் குந்தி ஓடிவருகிறாள், தலைவிரிகோலமாக. மடியில் எடுத்துப்போட்டு, மகனே என்று எல்லார் காதிலும் விழ அழுகிறாள். வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். பாண்டவர்களுக்கு அப்போதுதான் தெரிகிறது. வியாசரில் இது இவ்வளவு சீக்கிரம் நடப்பதில்லை. போரெல்லாம் முடிந்து கங்கையில் இறந்தவர்களுக்குத் தண்ணீர் விடும்போது, கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்று குந்தி வாயைத் திறக்கிறாள். கொன்றவர்களே கருமம் செய்கிறார்கள். தர்மன் ஆற்றாமல், இனிப் பெண்களிடம் இரகசியம் தங்காமல் போகட்டும் என்று சபிக்கிறான். ஒரு பிள்ளையை மறைத்தவளுக்கு மற்ற பிள்ளையின் வாயால் சாபம். வில்லிபுத்தூரார் போர் முடிவோடு, பத்துப் பருவத்தில் நிறுத்திக்கொண்டவர். தர்ப்பணக் காட்சிவரை அவர் போவதே இல்லை. களத்திலேயே அவளை அழவைத்துவிட்டார், கூத்தும் அந்த வழியில் போகிறது. இரவெல்லாம் கண்விழித்த சனங்களுக்கு முன்னால் அது நடந்தாக வேண்டும் என்பது கூத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கரும வீட்டில் இந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இறந்தவரின் பிள்ளைகள் மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். சொத்துத் தகராறில் மூவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் முன்பே என் காதில் போட்டிருந்தார். குந்தி வேஷக்காரர் மார்பில் அறைந்துகொண்டு கர்ணன் தலையை மடியில் எடுத்துவைத்தபோது மூத்தவர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து நடுப்பிள்ளை போனார். சமாதானம் ஆனார்களா என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் திரும்பி வந்தார்கள், முகம் கழுவிக்கொண்டு.

உங்கள் கேள்வியோடு சேராத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். குந்தி அழுகிறாள், பொன்னுருவி அழுகிறாள், துரியோதனன் அழுகிறான். வியாசரில் கர்ணன் மனைவி களத்தில் விழுந்து புரள்வதைக் காந்தாரி சுட்டிக்காட்டுகிறாள். ராதை அழுவதை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அந்த வேஷம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து நின்ற ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை. கேட்காமலே பால் கொடுத்தவள் அவள். ஒருமுறை விடியற்காலையில் அரிதாரம் துடைத்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவரிடம், ராதையை ஏன் யாரும் கொண்டுவருவதில்லை என்று கேட்டேன். எண்ணெய்க் கையோடு கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த அம்மாவுக்கு யாரோடும் சண்டை இல்லையே, என்ன தர்க்கம் வைப்பது?" என்றார்.